பங்களாவில் கிடந்த பெருந்துளைத் துவக்கு: பார்ப்பது, அளப்பது, விலை சொல்வது

மலையகத்துப் பழைய பங்களாக்களிலிருந்து வெளிவரும் துவக்குகளைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். "குழலில் இங்கிலாந்துக் கம்பெனிப் பேர் இருக்கிறது, எவ்வளவு போகும்?" பேரைப் படித்து, கைபேசியில் தேடி, பவுணை ரூபாயாக்கி, மனதுக்குள் ஒரு மாடி வீட்டையும் கட்டி முடித்திருப்பார்கள்.

வேலை தலைகீழாகப் போக வேண்டும். பத்திரம் முதலில், துளை அதற்கு அடுத்து, குழலின் நிலை அதற்கும் அடுத்து. பேர் கிட்டத்தட்டக் கடைசி. முன்னால் உள்ள ஒரு படி தவறினால் பின்னால் உள்ள எதற்கும் பெறுமதி இருக்காது. வரிசைக்கு அதுதான் காரணம்.

10 போர், 8 போர், 4 போர் என்று துளை பெருத்த பழைய சொட்கன்களைப் பற்றியே எழுதுகிறேன். போர் என்பது துளையின் அளவு; எண் சிறுத்தால் துளை பெரிது. எல்லோருக்கும் தெரிந்த 12 போரை ஒப்பிடுவதற்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. தொடுவதற்கு முன் பத்திரம்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்பட வேண்டியது. டிசம்பர் 31உடன் காலாவதியாகும். பயிர்க் காவலுக்கான சொட்கன் என்றால் மாவட்டச் செயலகம், நம் ஆட்கள் இன்னும் கச்சேரி என்றுதான் சொல்வார்கள். தற்காப்புக்கென்றால் பாதுகாப்பு அமைச்சு.

எனவே முதல் கேள்வி: பத்திரம் யார் பேரில் இருக்கிறது?

உயிரோடு இருப்பவர் பேரில், இந்த வருடம் புதுப்பித்த பத்திரம் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அப்பா பேரில், தாத்தா பேரில் இருந்து அவர் காலமாகிவிட்டால், துவக்கு பெட்டிக்குள் இருப்பதே சிக்கல்தான். பொலிசுக்கும் கச்சேரிக்கும் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்கிற வழியில் போங்கள். பத்திரமே இல்லை என்றால் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து அவர் மூலமாகப் பேசுங்கள். அதுவரை துவக்கை இடம் மாற்றாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒருவர் தேயிலைச் சாக்கில் துவக்கைச் சுற்றி, ஹட்டன் பஸ்ஸில் ஏறி, என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "விலை கேட்கத்தானே கொண்டு வந்தேன் அண்ணே" என்றார். விலை கேட்கக் கொண்டு போனாலும் பத்திரமில்லாத துவக்கைக் கொண்டு போனது கொண்டு போனதுதான். நான் சாக்கை அவிழ்க்கவே விடவில்லை. துவக்கைத் தேடி நாம் போக வேண்டும். துவக்கு நம்மைத் தேடி வரக் கூடாது.

பத்திரம் இருந்தாலும் அதில் உள்ள விவரத்தைத் துவக்கோடு ஒத்துப் பாருங்கள். இலக்கத்தில் 3 என்பது 8 ஆகியிருக்கும். எந்தத் துவக்கைக் கண்டாலும் '12' என்று எழுதும் வழக்கத்தில், கையில் இருக்கும் 10 போருக்கும் '12' என்றே விழுந்திருக்கும். இதைக் குறித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொரு விலக்கு. பூட்டு (சுடும் பொறி) வலது பக்கம் இல்லாமல் இடது பக்கம் இருந்து, பிடங்கில் (மரக் கட்டையில்) கொடிக் கருக்கு வேலையோ வெள்ளித் தகடோ இருந்தால், அது துரைமார் துவக்காக இருக்காது. கண்டி அரசுக் காலத்துச் சிங்களத் துவக்கு வகையாக இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அங்கே குறுக்கே நிற்கும். இந்த வகைப் பொருளை நாடுகளே திருப்பிக் கேட்கின்றன: 2023இல் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்த கண்டிப் பொருட்களில் பீரங்கியோடு துவக்குகளும் இருந்தன. இதற்கு விலை பேசும் வேலையில் நாம் இறங்கத் தேவையில்லை.

2. மேசையில் இருக்க வேண்டியவை

மெல்லிய மெத்தை அல்லது பழைய கம்பளி. வெள்ளைப் பருத்தித் துணி. சிறிய டோர்ச். உருப்பெருக்கிக் கண்ணாடி. வெர்னியர் அளவுகோல், அதுவும் உள்விட்டம் அளக்கும் தாடை உள்ளது. குழலை விட நீளமான, நுனி மழுங்கிய மரக் குச்சி. தொங்க விட்டு நிறுக்கும் தராசு. ஒரு கொப்பி.

இருக்கக் கூடாதவை: பித்தளை பொலிஷ், மணல் தாள், சுத்தியல், தோட்டா. தோட்டா அந்த அறையிலேயே வேண்டாம். பொலிஷ் ஏன் கூடாது என்பது ஆறாவது படியில் வரும்.

3. உள்ளே மருந்து இருக்கிறதா?

அவசரப்பட்டால் உயிர் போகிற இடம் இதுதான். கதவு திறந்த வெளிச்சமான இடத்தில், குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குழந்தைகளை அனுப்பிவிடுங்கள்.

மடிந்து திறக்கும் துவக்கு என்றால் திறந்து பார்த்தால் தெரியும். ஆனால் 1860களிலும் அதற்கு முன்னும் செய்த குதிரைத் துவக்குகள் பலவற்றில், சுட்ட பின் குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியை அடிக்கும் வெளிச் சுத்தி) தானாகப் பின்னுக்கு வராது. ஊசியை அமுக்கிக்கொண்டே கிடக்கும். அதைப் பாதிக்கு இழுத்து வைத்த பிறகுதான் துவக்கு மடியும். இது தெரியாமல் முழங்காலில் வைத்து மடக்கி, ஊசியையும், குழலின் அடி வந்து சாயும் இரும்பு முகத்தையும் உடைத்தவர்கள் உண்டு. திறக்கவில்லை என்றால் பலம் போடாதீர்கள். குதிரையைப் பாருங்கள்.

வாய் வழியே மருந்து இடிக்கும் துவக்கு, அதாவது இடியன் வகை என்றால் திறந்து பார்க்க வழியே இல்லை. அதற்குத்தான் மரக் குச்சி. குழலுக்குள் மெதுவாக இறக்கி, அடி தட்டிய இடத்தில் வாயோடு ஒரு அடையாளம் போடுங்கள். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து, உள்ளே அது எங்கே போய் நின்றது என்று பாருங்கள். குதிரை அடிக்கும் முனைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் வெறும் குழல். இரண்டு, மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது தாத்தா காலத்தில் பன்றிக்காகக் கெட்டித்து, பன்றி வராமல் போன மருந்தாக இருக்கலாம். கரிமருந்து ஈரப்படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழிந்தும் எரியும். அதை நீங்கள் குடையக் கூடாது. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பொலிசைக் கூப்பிடுங்கள்.

இரட்டைக் குழல் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று விட்டுவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை.

4. குழலைக் கழற்றி அடிப்புறம் படிப்பது

முன்கட்டையை (குழலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள மரத்தை) எடுத்துக் குழலைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். தோட்டா அறைக்குக் கீழே தட்டையான பாகத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். புதியவர்கள் குழலின் மேலே பொன்னெழுத்தில் உள்ள பேரைப் படமெடுத்து அனுப்புவார்கள். எனக்கு வேண்டியது இந்தக் கீழ்ப்பக்கம். மேலே உள்ளதை எவனும் வெட்டலாம். கீழே உள்ளதைச் சோதனை மனையில், அதாவது குழல் தாங்குமா என்று சுட்டுச் சோதிக்கும் இடத்தில், அடித்திருப்பார்கள்.

முதலில் நாடு. நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகளும் நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். அதன் மேல் கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தியது. இங்கிலாந்துப் பேரை மேலே வெட்டி, கீழே லியேஜ் முத்திரையோடு நிற்கும் துவக்குகளை நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே நிமிடத்தில் மாடி வீடு இடிந்துவிடும்.

கிரீடத்தின் கீழ் குறுக்காக இரண்டு செங்கோல், கூடவே பி, பி, சி (B, P, C) எழுத்துகள் (வானொலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) அல்லது வி எழுத்து இருந்தால் பர்மிங்காம். அந்தச் சோதனை மனை 1813இல் தொடங்கியது. செங்கோல் முத்திரை இந்த வடிவில் 1904 வரை ஓடியது. கிரீடத்தின் கீழ் ஜி, பி (G, P) பின்னிக் கிடந்தால் லண்டன். பர்மிங்காம் முத்திரை இருப்பதால் மட்டும் துவக்கு தாழ்ந்துவிடாது, லண்டன் கடைக்காரர் பலருக்குக் குழல் வந்ததே அங்கிருந்துதான்.

அடுத்தது காலம். 'நொட் ஃபோர் போல்' என்ற சொற்கள் இருந்தால் 1875க்கும் 1887க்கும் இடையில் சோதிக்கப்பட்டது. வாய்ப்பக்கம் ஒடுக்கிய குழல், தனி ஈயக் குண்டு போட வேண்டாம் என்று பொருள். இதையே கம்பெனிப் பேர் என்று நினைத்து எனக்கு எழுதியவர்கள் இருவர். சாய்சதுரத்துக்குள் ஓர் எண்ணும் சி எழுத்தும் இருந்தால் 1887க்குப் பிந்தியது. அந்த எண்தான் தோட்டா அறையின் போர். 'நைட்ரோ' (புகையில்லா மருந்து) என்ற சொல் 1896க்குப் பிறகுதான் வரும். சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று அடித்திருந்தால் 1954க்குப் பிந்திய சோதனை, அதாவது பழைய குழலை மறுபடி கொண்டு போய்ச் சோதித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் தவறாமல் வரும். சாய்சதுரத்தில் 12 இருக்கும், பக்கத்தில் தனியாக 13 என்று இருக்கும். "இது அபூர்வமான 13 போர்" என்று குதிப்பார்கள். சாய்சதுரத்து 12 தோட்டா அறைக்கு. தனி 13 சோதித்த அன்று குழலின் உட்துளை இருந்த அளவு. துவக்கு சாதாரண 12 போர்தான். ஆனால் அந்த 13ஐ எழுதி வையுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

5. துளையை அளப்பது

போர் எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெருக்கும். ஒரு றாத்தல் ஈயத்தை எத்தனை சமமான உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை துளைக்குள் சரியாகப் போகுமோ அதுதான் எண். 12 போர் என்றால் உருண்டை ஒன்று ஏறத்தாழ 38 கிராம்; 8 போர் என்றால் 57; 4 போர் என்றால் கால் றாத்தல், 113 கிராம். கணக்கின்படி 12 போரின் விட்டம் 18.5 மில்லிமீற்றர், 10 போர் 19.7, 8 போர் 21.2, 4 போர் 26.7. 4 போர் என்று விற்கப்பட்ட துவக்குகள் பெரும்பாலும் இந்தக் கணக்கை விடக் கொஞ்சம் ஒடுக்கமாகவே இருக்கும். அதை வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

வெர்னியர் கையில் இல்லாத நாளில் ஒரு கைவைத்தியம்: 2005க்குப் பிந்திய ஒரு ரூபாய் நாணயம் 20 மில்லிமீற்றர், ஐந்து ரூபாய் 23.5. ஒரு ரூபாயை வாயின் மேல் தட்டையாகப் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் உட்கார்ந்தால் 12 அல்லது 10. துளை நாணயத்தை விழுங்கிவிடும் போலிருந்தால் 8 போர் பக்கம் யோசிக்கலாம். ஐந்து ரூபாயையும் விழுங்கப் பார்த்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகு அளங்கள். நாணயத்தைக் கையை விட்டு விடாதீர்கள். வாயில் ஒடுக்கிய குழல் ஏமாற்றும் என்பதால் இது முதற்பார்வைக்கு மட்டும்.

சரியான அளவு தோட்டாப் பக்கத்திலிருந்து 9 அங்குலம் உள்ளே எடுக்கப்படுவது. பிரித்தானியச் சோதனை மனையின் வழக்கம் அது. அதற்கு நீண்ட துளைமானி வேண்டும், சாதாரண வெர்னியர் எட்டாது. கிடைத்தால் அந்த அளவை, முத்திரையில் உள்ள தனி எண்ணோடு ஒத்துப் பாருங்கள். முத்திரை சொல்வதை விட ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு பெருத்திருந்தால் உள்ளே துருவைச் சுரண்டிச் சுரண்டிக் குழலைத் தின்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட துவக்கு சோதனைக்கு வெளியே போய்விட்டது என்பார்கள், விலை சரிவது அங்கேதான்.

தோட்டா அறையின் நீளமும் தேவை. பழைய 12 போர் பெரும்பாலும் 2½ அங்குலம், 10 போர் 2⅝ அல்லது 2⅞, 8 போர் 3¼, 4 போர் 4 அங்குலம் அளவில். 2½ அங்குல அறைக்குள் இன்றைய 2¾ அங்குலத் தோட்டா சுகமாகப் போய் உட்காரும். "போகிறதே" என்று சொல்வார்கள். சுடும்போது தோட்டா வாயின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். கரிமருந்துக்கே சோதித்த குழலில் அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. இந்த வழிகாட்டியில் வரும் எந்தத் துவக்கும் சுடுவதற்கல்ல, வைத்திருப்பதற்கு.

வாய்ப்பக்கம் டோர்ச் அடித்துக் கடைசி இரண்டு அங்குலத்தையும் பாருங்கள். சுற்றிச் சுருண்டு போகும் வரிப்பள்ளம் தெரிந்தால் பேச்சே மாறிவிடும். 1885இல் ஃபொஸ்பெரி என்ற கர்னல் காப்புரிமை எடுத்து ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் செய்த பாரடொக்ஸ் வகை அது: குழல் முழுக்க வழவழப்பு, வாயில் மட்டும் வரி. சன்னமும் போடலாம், குண்டும் போடலாம். இதைத் துரு என்று நினைத்துத் தேய்த்து அழித்த ஒரு 10 போரைப் பண்டாரவளைப் பக்கம் பார்த்தேன். வரி பாதிதான் மிஞ்சியிருந்தது. வரி உள்ள குழலை மற்றச் சொட்கன் போல நினைக்காமல் கச்சேரியில் சொல்லிவிடுவதும் நல்லது.

கடைசியாக நிறை. 12 போர் 6½, 7 றாத்தல் வரும். 8 போர் 11இலிருந்து 15 றாத்தல் வரை. 4 போர் அதற்கும் மேலே. 8 போர் என்று சொல்லப்படுவது 7 றாத்தல்தான் நிறுக்கிறது என்றால் யாரோ துளையைக் குடைந்திருக்கிறார்கள், அல்லது நீங்கள் அளந்தது பிழை. பெரும்பாலும் இரண்டாவது.

6. குழலின் உடம்பு

மேசையில் வைத்தபடி குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனையைச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். உட்சுவரில் விழும் நிழல் வளையங்கள் வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நசுங்கினால் பள்ளம். வளையம் முழுக்க இருட்டாக வெளியே தள்ளினால் வீக்கம். பள்ளத்தை எடுக்கலாம், வீக்கத்தை நம்ப முடியாது.

அப்புறம் ஓசை. கொக்கிப் பகுதியில் ஒரு கயிறு போட்டுக் குழலை மட்டும் தொங்க விட்டு, விரல் மூட்டால் தட்டுங்கள். கோவில் மணி போல இழுத்து ஒலித்தால் நல்லது. சட்டென்று செத்து விழுந்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டை எங்கோ விட்டிருக்கிறது. நம் மலையில் இது அதிகம். பனி ஈரம் அந்தப் பட்டைக்குள் புகுந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிக்கும்.

குழலின் தோலில் பாய் முடைந்தது போல் அலை அலையாகக் கோலம் தெரிந்தால் டமாஸ்கஸ் குழல்: இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுருட்டி ஒட்டியது. மலிவான பெல்ஜியத் துவக்குகள் சிலவற்றில் இந்தக் கோலத்தை மேலே பூசியும் விட்டார்கள். முன்கட்டைக்குக் கீழே, கண்ணுக்குப் படாத இடத்தில் கோலம் தொடர்கிறதா என்று பாருங்கள். உண்மையானது அங்கேயும் தொடரும்.

இப்போது பொலிஷ் பற்றி. குழலின் மண்ணிறமும் கோலமும் அமிலம் பூசி, துருவேற்றி, தேய்த்து, மறுபடி துருவேற்றி வரவழைத்தது. பித்தளை பொலிஷும் மணல் தாளும் அதை ஒரே மாலையில் அழித்துவிடும். எழுத்தின் ஓரங்களும் மழுங்கும். வாங்குகிறவனுக்கு வெள்ளி போல மின்னும் பழைய குழல் ஒரு புண். விலை கேட்க வருமுன் "கொஞ்சம் சுத்தம் பண்ணி வைத்தேன்" என்று சொல்லும் குரலைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து அப்படியே விடுங்கள்.

குழலின் சுவர்த் தடிப்பையும் யாராவது கருவி வைத்திருந்தால் அளந்து கொள்ளுங்கள். 12 போருக்கு எங்கேயும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. பெரிய துளைக்கு இன்னும் தடிப்பு எதிர்பார்ப்பார்கள்.

7. பூட்டு, பிடங்கு, இலக்கம்

குழலை மறுபடி மாட்டி, முன்கட்டை இல்லாமல் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ, குழலுக்கும் முகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தாலோ தேய்மானம். வெறும் துவக்கின் விசையைத் தட்டி விளையாட வேண்டாம், ஊசி உடையும்.

பிடங்கின் கழுத்தில் கம்பி சுற்றியிருந்தால் உள்ளே உடைப்பு. பிடங்கே உள்ளூர் மரத்தில் மாற்றியதாகவும் இருக்கலாம். நம் தச்சர்கள் கைகாரர்கள். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரும்போடு மரம் சேரும் ஓரத்தைப் பாருங்கள்.

இலக்கம் மூன்று இடத்தில் இருக்கும்: விசைக் காப்பின் வால், குழலின் அடி, முன்கட்டையின் இரும்பு. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். குழலில் வேறு இலக்கம் என்றால் இரண்டு துவக்கைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். பொன்னில் 1 அல்லது 2 என்று இருந்தால் சோடித் துவக்கில் ஒன்று. மற்றது எங்கே என்று குடும்பத்தில் கேளுங்கள்.

8. இப்போது பேர்

இனி மேலே உள்ள எழுத்தைப் படிக்கலாம். செய்தவரும் விற்றவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை மறக்காதீர்கள். ஆர்மி அண்ட் நேவி போன்ற பேர்கள் பெரும்பாலும் விற்ற கடை. பெருந்துளையில் தேடப்படும் பேர்கள் ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட், பர்மிங்காமின் டொலி, கிரீனர், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். மான்டன் என்ற பேருக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தப் புகழ்பெற்ற பேரைக் கண்டவனெல்லாம் வெட்டியிருக்கிறான்.

பேரோடு முகவரி இருந்தால் காலம் தெரியும். பேர்டி என்ற லண்டன் கம்பெனியின் துவக்கில் 314½ ஒக்ஸ்போர்ட் வீதி என்றால் 1880களின் தொடக்கத்துக்கு முந்தியது. சவுத் ஓட்லி வீதி என்றால் அதற்குப் பிந்தியது. 'ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட்' என்ற இரட்டைப் பேர் 1876க்கு முன் இல்லை. நான்காம் படியில் முத்திரை சொன்ன காலமும் இதுவும் ஒத்துப் போக வேண்டும். 1904க்குப் பிந்திய முத்திரையும் ஒக்ஸ்போர்ட் வீதி முகவரியும் ஒரே துவக்கில் இருந்தால் எங்கோ கைவேலை நடந்திருக்கிறது; அல்லது குழல் பிறகு மாற்றப்பட்டது.

பழைய நிறுவனங்கள் சிலவற்றிடம் இன்றும் பேரேடு இருக்கிறது. இலக்கத்தை எழுதிக் கேட்டால், கட்டணம் வாங்கிக்கொண்டு, எந்த வருடம் எந்த அளவில் யாருக்கு முடிக்கப்பட்டது என்று சொல்வார்கள். அதில் 'சிலோன்' என்று ஒரு சொல் வந்தால், அந்தத் தாள் துவக்கின் பெறுமதியில் ஒரு பகுதி. பெட்டி, பெட்டி மூடிக்குள் ஒட்டிய சீட்டு, வாங்கிய பற்றுச்சீட்டு, துவக்கோடு துரை நிற்கும் படம் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

9. விலை

வெளிநாட்டு ஏலத்தின் விலையைப் பார்க்கும்போது மூன்று பிழைகள் தவறாமல் நடக்கும். ஏலத்துக்கு முன் போடும் மதிப்பீட்டை விற்ற விலை என்று எடுப்பது ஒன்று. விற்ற விலையின் மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் தரகையும், விற்பவரிடம் பிடிக்கும் தரகையும் மறப்பது இன்னொன்று. மூன்றாவது, நல்ல குழலுக்குக் கிடைத்த விலையைத் தேய்ந்த குழலுக்குப் போடுவது.

பருமட்டாக ஓர் ஏணி மனதில் இருக்கட்டும். பேர் தெரியாத பர்மிங்காம் 12 போர் குதிரைத் துவக்கு இங்கிலாந்தில் சில நூறு பவுணுக்குள் முடியும், பல நேரம் அதற்கும் கீழே. நல்ல நிலையில் ஒரு 8 போர் சில ஆயிரம். பெரிய பேரோடு 4 போரோ பெருந்துளைப் பாரடொக்ஸோ பத்தாயிரத்தைத் தாண்டிப் போனதுண்டு.

12க்கும் 8க்கும் இடையில் இவ்வளவு இடைவெளி ஏன்? எண்ணிக்கை குறைவு என்பது பாதிக் காரணம். மறுபாதி சட்டம். 8, 4 போன்ற துளைகள் பிரித்தானியாவில் வழக்கொழிந்தவை என்ற பட்டியலில் உள்ளன. 1939க்கு முந்திய அப்படிப்பட்ட துவக்கை அழகுப் பொருளாக மட்டும் வைத்திருக்க அங்கே உரிமச் சான்று தேவைப்படாது. ஆகவே வாங்கக் கூடிய ஆட்கள் கூடுகிறார்கள், விலை ஏறுகிறது.

அந்தச் சலுகையை நுவரெலியாவுக்கு இழுத்து வராதீர்கள். இங்கே வாங்குபவர் அனுமதி பெறக் கூடியவராக இருக்க வேண்டும், துவக்கு அவர் பேருக்கு மாற வேண்டும். அனுமதி கேட்கிறவர் காரணம் சொல்ல வேண்டும். தோட்டாவே கிடைக்காத 8 போருக்குப் பன்றிக் காவல் என்று யார் விண்ணப்பிப்பார்? இதனால் ஒரு விசித்திரம்: துளை பெருக்கப் பெருக்க அங்கே விலை ஏறும், இங்கே வாங்க ஆள் குறையும். நல்ல நிலையில் உள்ள சாதாரண 12 போருக்கு இங்கே ஐந்து பேர் கேட்டு வருவார்கள். 8 போரை வந்து பார்த்துப் படமெடுத்துவிட்டுப் போவார்கள்.

அப்படியானால் வெளியே அனுப்பி விற்கலாமே என்பார்கள். இங்கிருந்து அனுப்ப அரசு அனுமதி, பழமையைப் பொறுத்துத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி, போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதி, பிறகு கப்பல், காப்புறுதி. இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் விலை. கழித்துப் பார்த்தால் பேர் தெரியாத துவக்கில் கையைத்தான் கடிக்கும். நான் விலை சொல்லும்போது இரண்டு எண்ணாக எழுதிக் கொடுப்பேன்: அங்கே இதே நிலையில் உள்ளது போகும் விலை, இங்கே சட்டப்படி கைமாறினால் எதிர்பார்க்கக் கூடியது. முதல் எண்ணை மட்டும் வெட்டி எடுத்துக் குடும்பத்துக்குக் காட்டிச் சண்டை வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கும் பக்கம் நிற்பவருக்கு: முற்பணம் கொடுக்கும் முன் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பத்திரம் இல்லாத துவக்கின் விலை சூனியம். "பத்திரம் பிறகு எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

10. பனியில் பாதுகாப்பது

பங்களாவில் துவக்கைக் கணப்படுப்புக்கு மேலே மாட்டி வைப்பது வழக்கம். பார்க்க அழகு, துவக்குக்குச் சாவு. இரவில் சூட்டில் மரம் காயும், காலையில் பனியில் ஊறும். கழுத்தில் கீறல் விழுவது அதனால்தான்.

தோல் உறையிலும் கம்பளி விரித்த பெட்டியிலும் பூட்டி வைப்பது அடுத்த பிழை. நானுஓயா, டயகமப் பக்கத்து ஈரத்தை அந்தக் கம்பளி குடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இரும்புக்கு ஊட்டும். பெட்டியைத் தனியே வையுங்கள். துவக்கைப் பூட்டிய இரும்பு அலமாரியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒருமுறை பொட்டலத்தைக் காய வைக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, ஆனால் இரும்பில் அது காலப்போக்கில் பிசினாகிப் பூட்டைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய துவக்கு எண்ணெய் போதும், அதுவும் துணியில் தொட்டு. எண்ணெய் பூசிய பிறகு வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வடிந்து பிடங்கின் தலைக்குள் இறங்கி, மரம் கறுத்து மென்மையாகிவிடும்.

கடைசியாக, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: முத்திரைகள், இலக்கம், துளை, அறை நீளம், நிறை, குறைகள், அடிப்புறத்தின் தெளிவான படங்கள். ஒரு பிரதி பத்திரத்தோடு, ஒன்று வேறு இடத்தில். வருடக் கடைசியில் புதுப்பிக்கப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள். பத்திரத்தில் தவறாக விழுந்த '12'ஐத் திருத்தச் சொல்லிக் கேட்க அதுதான் ஆதாரம்.